ஒரு டிஜே கன்ட்ரோலர், ஒன்பது பெண்கள்: தொடவே பயப்படுகிறார்கள், என்ன செய்யலாம்?

மொட்டைமாடி
ஞாயிறு இரவு 9.40

கோவையில் இருக்கிறேன். ஆறு வருஷமாக ரிசப்ஷன், பிறந்தநாள், காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்று டிஜே செய்து வருகிறேன். எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்கு நான் பாட்டுப் போட்டதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். சரி என்று ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மொட்டைமாடியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். எட்டுப் பேர். சின்னவளுக்கு 11 வயது, மூத்தவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், 24 வயது. மகளை விட்டுவிட்டுப் போக வந்த ஒரு அம்மா, 43 வயது, போகாமல் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஆக ஒன்பது.

என்னிடம் இருப்பது இரண்டு சேனல் கன்ட்ரோலர் ஒன்று (லேப்டாப்பில் ஓடும் இரண்டு பாட்டைக் கையால் கலக்குகிற பட்டன் பலகை), லேப்டாப், 12 இன்ச் பவர்டு பாக்ஸ் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்) இரண்டு, ஹெட்போன் ஒன்று. கன்ட்ரோலரை அம்மாவின் பழைய பட்டுப்புடவைத் துண்டால் மூடி வைப்பேன், மாடியில் தூசி அதிகம்.

மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. முதல் வாரம் ஒவ்வொரு பட்டனும் என்ன, எதற்கு என்று ஒரு மணி நேரம் சொன்னேன். எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். ஒருத்தி கன்ட்ரோலரைப் படமாகவே வரைந்து, அம்புக்குறி போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு இழுத்தாள். பாடம் நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்தேன். "வாங்க, வந்து தொடுங்க" என்றதும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். வந்தவளும் ஒரு விரலால், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தள்ளிவிட்டு, "கெட்டுப்போயிடாதே அக்கா?" என்று கையை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் கீழ்வீட்டுப் பையன், ஒன்பது வயது, பந்து தேடி மாடிக்கு வந்தான். கேட்கவே இல்லை. நேராக வந்து ஜாக் வீல் என்கிற இரண்டு வட்டச் சக்கரத்தையும் சுற்றினான், எக்கோவைத் திருகினான், ஐந்து நிமிஷம் மாடியே அலறியது. அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் ஒன்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்விகள் மூன்று. ஒன்று, இந்தத் தயக்கத்தை எப்படி உடைப்பது? இரண்டு, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்த்துவிடும் சிங்க் பட்டனை முதலிலேயே காட்டலாமா, இல்லை காதால் பீட் சேர்க்கப் பழகிய பிறகா? மூன்று, இவர்கள் கேட்பதெல்லாம் எண்பதுகளின் பாட்டும் குத்துப் பாட்டும். எண்பதுகளின் பாட்டில் கிரிட், அதாவது மென்பொருள் அடிக்கு அடி போடும் கோடு, உட்காரவே மாட்டேன் என்கிறது. நானே திணறுவேன், இவர்களுக்கு எப்படிச் சொல்ல?

ஆளுக்கு மாசம் 300 ரூபாய் வாங்குகிறேன். இன்னொரு கன்ட்ரோலர் வாங்க இப்போதைக்கு வழி இல்லை.

---

ரேடியோசெட் மகள்
ஞாயிறு இரவு 11.15

தங்கச்சி, நான் மதுரைப் பக்கம். பதினோரு வருஷமாகப் பெண்களுக்கு மட்டும் சொல்லித்தருகிறேன். அதற்கு முன்னால் நானும் மண்டபம் மண்டபமாக அலைந்தவள்தான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் அப்பா ரேடியோ செட்டு வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அண்ணன் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவான். எனக்கு இசைத்தட்டுத் துடைக்கிற வேலை. விரல் படாமல் உள்ளங்கையால் ஓரத்தைப் பிடித்து, வெல்வெட் துணியால் வட்டமாகத் துடைக்கவேண்டும். துடைத்துத் துடைத்தே எனக்கு ஒரு வித்தை வந்துவிட்டது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால், பாட்டு மெதுவாகப் போகிற இடம் நல்ல கறுப்பாகத் தெரியும், சத்தமாகப் போகிற இடம் கொஞ்சம் வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். சரணம் எங்கே, நடு இசை எங்கே என்று போடாமலே காட்டுவேன். இன்றைக்கு லேப்டாப் திரையில் அலைஅலையாக ஓடுகிறதே, அதைத்தான் அன்றைக்குத் தட்டில் பார்த்தேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போக விடமாட்டார். "ஷாக்கடிக்கும்மா, தள்ளி நில்." அண்ணனுக்கு மட்டும் ஷாக் அடிக்காதாம்.

உன் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் ஃப்யூஸ் போனால் யாரைக் கூப்பிடுகிறோம்? மிக்சி ஓடவில்லை என்றால் பிளக்கை யார் கழற்றிப் பார்க்கிறார்கள்? அந்தப் பழக்கம்தான் மாடிக்கும் வந்திருக்கிறது.

அதனால் நான் பட்டனிலிருந்து ஆரம்பிக்கவே மாட்டேன். வயரிலிருந்து ஆரம்பிப்பேன்.

முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் வரும்போது எதுவும் மாட்டி இருக்கக் கூடாது. எல்லாம் பெட்டியில். ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் எல்லாம் ஒரு சாக்குப்பையில் சிக்கலாகவே கிடக்கட்டும், நீ சுற்றி வைக்காதே. இரண்டு இரண்டு பேராக வந்து அவர்களே மாட்டவேண்டும். சொல்லவேண்டியது ஒரே விதி: போடும்போது பாக்ஸ் கடைசி, அணைக்கும்போது பாக்ஸ் முதல். ஏன் என்று கேட்பார்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவை தப்பாகச் செய்து அந்த "டொம்" சத்தத்தைக் கேட்கவைத்துவிடு. அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

மாட்டி, பாட்டு ஓட ஆரம்பித்ததும் எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்வேன். நான் ஏதாவது ஒன்றைக் கெடுத்துவைப்பேன். ஒரு கேபிள் பின்னைப் பாதி இழுத்துவிடுவேன், உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கெயினை முழுசாக இறக்குவேன், லேப்டாப்பில் சவுண்டை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன். "சத்தம் வரல, கண்டுபிடி." முதல் தடவை பத்து நிமிஷம் ஆகும். நாலாவது வாரம் நாற்பது விநாடி. கண்டுபிடித்தவள் அடுத்தவளுக்குக் கெடுத்துவைக்கவேண்டும். அந்த விளையாட்டு வந்துவிட்டால் பயம் போய்விடும், ஏனென்றால் கெடுப்பதே அவர்கள்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது. ஆரம்பத்தில் ஒரு ரிசப்ஷன். மிக்சிங் எனக்கு அத்துப்படி, வயரிங் தெரியாது. எட்டரை மணிக்கு வலது பக்கப் பாக்ஸ் நின்றுபோனது. மேடைக்குக் கீழே இருந்து சவுண்டு சர்வீஸ் அண்ணன் ஏறி வந்தார். ஒரு பின்னைத் தட்டினார், சத்தம் வந்தது. வந்தவர் இறங்கவில்லை. "நீ பாரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மாஸ்டர் வால்யூம் மேல் ஒரு கையை வைத்தவர், பத்து மணி வரைக்கும் எடுக்கவில்லை. நான் ஒரு பாட்டை ஏற்றினால் அவர் கொஞ்சம் இறக்குவார். கெட்ட மனிதர் இல்லை, எனக்கு டீ கூட வாங்கிக்கொடுத்தார். முடியும்போது பெண்ணின் பெரியப்பா மேடைக்கு வந்து, "டிஜே சூப்பர் தம்பி" என்று அவர் சட்டைப்பையில் ஐநூறு ரூபாயைச் செருகினார். நான் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

அந்தப் பின்னை நானே தட்டியிருந்தால் அவர் மேடை ஏறியிருக்கவே மாட்டார்.

சரி, அடுத்தது பீட். இதற்கும் கன்ட்ரோலர் வேண்டாம். உன்னிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள், நீ ஒருத்தி, பத்து. ஐந்து ஐந்தாக இரண்டு வட்டம் போட்டுக் கும்மி அடிக்கச் சொல். ஒரு வட்டத்துக்கு நிமிஷத்துக்கு 120 தட்டு வேகம், இன்னொன்றுக்கு 122. போனில் மெட்ரோனோம் வைத்து, ஆளுக்கு ஒரு காதில் கேட்டுக்கொண்டு அடிக்கட்டும். முதலில் சேர்ந்தே கேட்கும். பதினைந்து விநாடியில் ஒரு வட்டத்தின் தட்டு மற்ற வட்டத்தின் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும், குதிரை ஓடுகிற மாதிரி. முப்பது விநாடியில் திரும்பவும் சேர்ந்துகொள்ளும், ஆனால் ஒரு தட்டுத் தள்ளி. இப்போது இரண்டாவது வட்டம் மெட்ரோனோமைக் கழற்றிவிட்டு, முதல் வட்டத்தைக் காதால் பிடிக்கவேண்டும். வேகமாகப் போனவர்கள் குறைத்துச் சேர்வார்கள் பார், அதுதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிட்ச் ஃபேடர். வேகம் ஒன்றாகி இன்னும் ஒரு இழை தள்ளி இருந்தால் ஒரே ஒரு தட்டை நீட்டிச் சேர்வார்கள், அதுதான் ஜாக் வீல். இதற்குமேல் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. எட்டு எட்டாக எண்ணப் பழக்கு, நாலு எட்டுக்கு ஒரு தடவை பாட்டில் ஏதாவது மாறும் என்பதை அவர்களே சொல்வார்கள். கும்மி, கோலாட்டம், பரதம் ஏதாவது ஒன்று தெரிந்த பெண் உன் மாடியில் கட்டாயம் இருப்பாள். அவளை எண்ணவை.

சிங்க் பட்டன். இதில் எனக்கு வீம்பு எதுவும் கிடையாது. காட்டிவிடு, முதல் நாளே காட்டு. இரண்டு பாட்டு அழகாகச் சேர்ந்து ஓடுவதை ஒரு தடவை தன் கையால் செய்து கேட்டால்தான் அடுத்த வாரம் வருவாள். ஆனால் மூன்றாவது வாரம் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடு. எங்கள் வகுப்பில் அரக்குக் கலர் பொட்டு. பொட்டு இருக்கும்வரை அது இல்லை என்று அர்த்தம்.

உன் மூன்றாவது கேள்விக்கும் இதில்தான் பதில். எண்பதுகளில் இளையராஜா பாட்டு என்றால் பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க உட்கார்ந்து வாசித்தது. மனிதர் வாசித்தால் சரணத்தில் ஒரு இழை வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது தணியும். பாட்டுக்கு உயிரே அதுதான். கிரிட் என்பது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு, அதில் இது எப்படி உட்காரும்? கம்ப்யூட்டரில் தாளம் போட்டுச் செய்த பிற்காலப் பாட்டுக்குத்தான் சிங்க் லாயக்கு. பழைய பாட்டுக்கு நான் சொல்லித்தருவது: முகப்பு இசையில் சுத்தமாக இருக்கிற நாலு எட்டை மட்டும் லூப் போடு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடு, அதன்மேல் அடுத்ததைக் கலந்துவிட்டு லூப்பைத் திற. இல்லை, ஜாக் வீலில் கையை வைத்துக்கொண்டே பாட்டோடு போ, குழந்தையைக் கையைப் பிடித்து ரோடு தாண்டவைக்கிற மாதிரி. அதற்குக் காது பழகியிருக்கவேண்டும், அதனால்தான் பொட்டு.

குத்துப் பாட்டு வேறு கதை. நிறையக் குத்து மூன்று மூன்றாகப் பிரிகிறது, தகிட தகிட. மற்ற பாட்டில் பெரும்பாலும் நாலு நாலாக, தகதிமி. மென்பொருளுக்கு இது புரியாது. ஒரே பாட்டை ஒரு தடவை 130 என்று காட்டும், இன்னொரு தடவை 97.5 என்று காட்டும். பிள்ளைகள் லேப்டாப் கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை. மூன்றாகப் பிரியவேண்டிய அடியை அது இரண்டாகப் பிரிக்கிறது. 130இன் ஒன்றரை மடங்கு 195, அதில் பாதி 97.5. இதை ஒருத்தி கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கணக்கில் பெயிலான இன்னொருத்தி கைதட்டினாள். தகிடவிலிருந்து தகதிமிக்குக் கலந்து போகாதே. ஒரு பறை அடியிலோ கூச்சலிலோ வெட்டிவிட்டு, அடுத்ததை முதல் அடியில் போடு. ஜனம் அதைத்தான் விரும்புகிறது.

ஒரு கன்ட்ரோலர் போதும். ஒருத்தி டெக்கில், அதாவது கன்ட்ரோலர் முன்னால், ஒருத்தி சத்தமாக எண்ண, ஒருத்தி மாடியின் கடைசி மூலையில் நின்று தும்தும் என்கிற பாஸ் அதிகமா என்று கைச்சாடை காட்ட, ஒருத்தி சத்தம் அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்க. ஹெட்போனுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கிக்கொள், நீ கேட்பதையே டெக்கில் நிற்பவளும் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் சமையல் சொல்லித்தருகிற கதைதான். வீட்டில் பழக, மிக்ஸ் என்று மூன்று எக்ஸ் போட்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலும் கீபோர்டை வைத்தே ஓட்டலாம்.

அப்புறம் ஒரு வேடம் விட்டுப்போச்சு. ஒருத்தி "தொல்லை மாமா" ஆகவேண்டும். டெக்கில் நிற்கிறவளிடம் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, "ஏம்மா, டிஜே எங்க? நம்ம பாட்டு ஒண்ணு போடச் சொல்லு" என்று தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கவேண்டும். இவள் கலக்குவதை நிறுத்தாமல், சிரித்த முகத்தோடு, "நான்தான் மாமா. இது முடியட்டும், அடுத்து மூணாவது பாட்டு உங்களுது" என்று சொல்லவேண்டும். கை கன்ட்ரோலர் பக்கம் வந்தால், "அங்க நில்லுங்க மாமா" என்று இடத்தைக் காட்டவேண்டும். உன் மாடியில் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு இந்த வேடத்தைக் கொடுத்துப் பார். பிரமாதமாகச் செய்வார்.

---

சவுண்டு பாண்டி
திங்கள் காலை 7.05

மதுரை அக்கா சொன்ன அந்த அண்ணன் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன்.

பெண்களுக்கு எதற்குத் தனி வகுப்பு என்று தெரியவில்லை. பாட்டுக்கு ஆண் பெண் உண்டா? வயரிங் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவர்கள் பாட்டை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போதாதா? ஒரு டாப், அதாவது ஸ்டாண்டு மேல் வைக்கிற பாக்ஸ், 25 கிலோ இருக்கும், அதைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டச் சொல்வீர்களா?

அது போகட்டும். வயரிங் சொல்லித்தருவதாக இருந்தால் இதையும் சேருங்கள். மண்டபத்தில் ஈபி கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், யுஎஸ்பியில் கரண்ட் வாங்கும் கன்ட்ரோலரும் ஓடும், பாக்ஸ் மட்டும் செத்திருக்கும். புதுசாக வருகிறவர்கள் சத்தம் வரவில்லை என்று மாஸ்டரை ஏற்றிக்கொண்டே போவார்கள். கரண்ட் வந்ததும் மொத்தமும் வெடிக்கும், முன் வரிசைக் குழந்தைகள் எல்லாம் அழும். பாக்ஸுக்குள் கீச்சுச் சத்தம் தருகிற ட்வீட்டர் எத்தனையோ இப்படிப் போயிருக்கிறது. கரண்ட் போனால் முதல் வேலை மாஸ்டரை முழுசாக இறக்குவது. பாக்ஸ் உயிர்த்த பிறகு மெதுவாக ஏற்றுவது.

உம்மென்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் எர்த் பிரச்சினைதான். பத்து மணிக்கு நிறுத்தவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை. போலீஸ் வந்தால் மாமா யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

---

ரேடியோசெட் மகள்
திங்கள் காலை 9.30

பாண்டி தம்பி, கரண்ட் விஷயம் தங்கம். இன்றைக்கே என் பாடத்தில் சேர்த்தாச்சு, மெயினை நானே அணைத்துப் பழக்கப்போகிறேன்.

25 கிலோ பற்றி: உங்கள் கடையில் அதை ஒற்றை ஆளாகவா தூக்குகிறீர்கள்? இரண்டு பேர் தானே. எங்களிலும் இரண்டு பேர் உண்டு. கல்யாண வீட்டில் இட்லிக் கொப்பரையை இறக்குவது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

தனி வகுப்பு ஏன் என்றால், கலந்து வைத்துப் பார்த்தேன். ஐந்து பையன், ஐந்து பெண். இரண்டு மணி நேரத்தில் பையன்கள் கை டெக்கில் இருந்த நேரத்தையும் பெண்கள் கை இருந்த நேரத்தையும் பார்த்தால் உங்களுக்கே புரியும். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் கேட்காமல் வந்தார்கள், இவர்கள் கூப்பிடுவதற்குக் காத்திருந்தார்கள். கீழ்வீட்டுப் பையன் பந்து எடுக்க வந்த மாதிரிதான்.

---

ஸ்கார்பரோ சித்தி
திங்கள் இரவு 8.20

நான் இங்கே டொரொண்டோவில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. 46 வயதில் மருமகளிடம் பழகினேன். இப்ப சாமத்திய வீடு (உங்கட பூப்புனித நீராட்டு), பிறந்தநாள் என்று கிழமைக்கு ஒன்றாவது வரும். சாமத்திய வீட்டுக்கு ஒரு பொம்பிளை டிஜே வந்தால் பிள்ளையின் தாய்க்கு ஒரு ஆறுதல், பிள்ளைகளும் கூச்சமில்லாமல் ஆடுவினம். அதனாலேயே எனக்கு வேலை வருகிறது, ஒளிக்க என்ன இருக்கு.

ரெண்டு கதை சொல்லவேணும், உங்கட பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று எல்லாரும் கொண்டாடுகினம். டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார், அது எல்லாருக்கும் தெரியும். அந்த விருந்தை வைத்தது ஆர்? அவருடைய தங்கச்சி சிண்டி காம்பெல். பள்ளிக்கூடம் திறக்க முன்னம் புது உடுப்பு வாங்கக் காசு தேவை என்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் பொது அறையை வாடகைக்கு எடுத்து, அழைப்பு எழுதி, வாசலில் காசு வாங்கினவ அவதான். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு 25 சதம், பெடியளுக்கு 50 சதம்.

மற்றது டோக்கியோவில் சுமிராக் என்று ஒரு அம்மா. பகலில் சொந்தக் கடையில் கியோசா என்கிற கொழுக்கட்டை மாதிரி ஒன்று சுட்டு, இரவில் கிளப்பில் டெக்னோ என்கிற எலக்ட்ரானிக் இசை போட்டவ. 77 வயதில் டிஜே பள்ளிக்கூடம் போய்ப் படித்தவ. 2018இல் உலகின் ஆகவும் வயதான கிளப் டிஜே என்று கின்னஸில் பேர் வந்தது. 43 வயது அம்மாவைத் தொட்டியிலிருந்து இறக்குங்கோ, அவவுக்கு இன்னும் முப்பத்து நாலு வருஷம் கிடக்கு.

ஒரு எச்சரிக்கை. காதைப் பார்த்துக்கொள்ளுங்கோ. 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம் தாங்கும், ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணித்தியாலம்தான். நான் தொடக்கத்தில் காதடைப்பான் போடவில்லை, இப்ப இடது காதில் எப்பவும் ஒரு சில்வண்டு.

---

ஸ்கெட்ச் பேனா
செவ்வாய் இரவு 10.50

மொட்டைமாடி அக்கா, கோபப்படாதீங்க. நான்தான் அந்தப் படம் வரைந்த பெண். டிஜே வகுப்பு என்று தேடும்போது இந்தப் பக்கம் வந்தது, பட்டுப்புடவைத் துண்டு என்று படித்ததும் தெரிந்துவிட்டது.

நாங்கள் ஏன் தொடவில்லை என்று நீங்கள் எங்களிடமே கேட்டிருக்கலாம். முதல் நாள் அந்தத் துண்டை மெதுவாக எடுத்துவிட்டு நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இது முப்பத்து மூவாயிரம் ரூபாய்டா, பார்த்து." எனக்குக் கடையில் சம்பளம் 11,000. கை வைக்கும்போதெல்லாம் மூன்று மாசச் சம்பளம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பட்டுத் துணி வேறு, சாமி அறை மாதிரி இருந்தது. கீழ்வீட்டுப் பையனுக்கு விலை தெரியாது, அதனால் சுற்றினான்.

இன்னொன்று, நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் தப்பாகத் தொட்டால் உடனே உங்கள் கை வந்து சரிசெய்துவிடும். மதுரை அக்கா எழுதின சவுண்டு அண்ணன் மாதிரி. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிச்சுக்கோங்க.

ஆனால் வகுப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் வீட்டில் வரைந்த படத்தை வைத்துத் தரையில் பழகுகிறேன்.

---

மொட்டைமாடி
ஞாயிறு இரவு 9.55

ஸ்கெட்ச் பேனாவைப் படித்துவிட்டு இரண்டு நாள் இங்கே எதுவும் எழுதத் தோன்றவில்லை. விலையைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். இஎம்ஐ கட்டி வாங்கினது.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சாக்குப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். "மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கம் போய் நின்றேன். என் கை சும்மா நிற்காது என்று பயந்து இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டேன். ஒருத்தி சிவப்புப் பின்னை வெள்ளையிலும் வெள்ளையைச் சிவப்பிலும் மாற்றி மாட்டினாள். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. இருபத்திரண்டு நிமிஷம் கழித்துப் பாட்டு வந்தது, இடமும் வலமும் மாறி. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வாரம் கேட்பேன்.

"சத்தம் வரல" விளையாட்டில் முதலில் கண்டுபிடித்தது தொட்டி அம்மா. லேப்டாப் சவுண்டை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். "என் வீட்டுக்காரர் ப்ளூடூத்துல போட்டுட்டு மறந்துடுவாரு, தினமும் நான்தான் மாத்துவேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மறுபடி தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டார். தொல்லை மாமா வேடமும் அவருக்கே. 11 வயதுக் குட்டியிடம் போய் மூன்று தடவை பாட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாமா, போய்ச் சாப்பிடுங்க, பந்தி முடியப்போகுது" என்றாள். மாடியே சிரித்தது. பீட் போய்விட்டது, பரவாயில்லை.

கும்மியில் ஒரு சிக்கல். 122 வட்டத்தை 120க்கு வரச் சொன்னால், 120 வட்டமும் பாவப்பட்டு அவர்களுக்காக வேகத்தைக் கூட்டுகிறது. இரண்டும் 121இல் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒரு வட்டத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கவைப்பது எப்படி, ரேடியோசெட் அக்கா?

பாண்டி அண்ணா, உங்கள் கடையில் ஓடாத பழைய மிக்சர் ஏதாவது கிடந்தால் சொல்லுங்கள். திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். பஸ் பார்சலுக்கு நான் காசு அனுப்புகிறேன்.

---

சவுண்டு பாண்டி
ஞாயிறு இரவு 10.20

எட்டு சேனல் மிக்சர் ஒன்று கிடக்கிறது, ஒரு பக்கம் எலி கடித்தது. காசெல்லாம் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரும் சேர்த்துப் போடுகிறேன், ஸ்டார் ஸ்க்ரூ, உங்களிடம் இருக்காது.

---

ஸ்கெட்ச் பேனா
ஞாயிறு இரவு 10.24

எங்க வீட்டில் இருக்கு அண்ணா.